முறை வைத்த ஓட்டம்

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் கேட்கிற பெண்களுக்குள் முறை என்று ஒன்று உண்டு. எழுதி வைத்த சட்டம் கிடையாது. இரண்டு பேர் ஜோடி சேர்ந்துகொள்வார்கள். இன்றைக்கு வஞ்சிரப் பெட்டி ஒருத்திக்கு என்றால் நாளைக்கு மற்றவளுக்கு. முறை இல்லாதவள் அன்றைக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டு பேரும் போட்டி போட்டு விலையை ஏற்றிவிட்டால் லாபம் படகு வைத்திருக்கிற போட்டுக்காரனுக்குப் போகும். தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்கிறவளுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். அதனால்தான் இந்த ஏற்பாடு. முறை தப்பினவளோடு துறைமுகத்தில் யாரும் டீகூடக் குடிக்க மாட்டார்கள்.

அன்னக்கிளிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் அஞ்சலாட்சி. பதினான்கு வருஷம் ஆகிறது. அன்னக்கிளி கடற்கரைப் பிறப்பு இல்லை. பாகூர்ப் பக்கம் நெல் வயலில் நாற்று நட்டு வளர்ந்தவள். புருஷன் பலராமனுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்ததால் நெல்லித்தோப்பில் குடியேறி, அவன் சம்பளம் பத்தாமல் மீன் விற்க வந்தாள். வந்த முதல் நாள் கூட்டத்தில் இடிபட்டு, வெறும் அன்னக்கூடையோடு ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். அப்போதுதான் வெற்றிலை மென்றபடி ஒருத்தி வந்து இவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா பொண்ணே, கழனியில களை எடுக்குற மாதிரி குனிஞ்சே நிக்குற? மீனு தானா வந்து கூடையில குதிக்குமா? நிமிந்து நில்லு. எங்கூட வா."

அன்றைக்குச் சேர்ந்த ஜோடி. அன்னக்கிளிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி மூன்று மாசம் படுத்துக் கிடந்தபோது, தன் வாடிக்கைகளை முடித்துவிட்டு இவளுடைய வாடிக்கைத் தெருக்களுக்கும் ஒரு நடை நடந்து மீன் கொடுத்து, ஒரு வீடுகூட கைநழுவாமல் காப்பாற்றிக் கொடுத்தவள் அஞ்சலாட்சி. முல்லா வீதியில் சாய்புமார் வீடுகள், அந்தப் பக்கம் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா வீடுகள், எல்லாம் அப்படியே காத்திருந்தன. கூடப்பிறந்தவள் செய்வாளா? அன்னக்கிளிக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள், ஆஸ்பத்திரிக்கு அரை டஜன் சாத்துக்குடியோடு ஒரு தடவை வந்தாள், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பெண். அன்னக்கிளியின் மகள் கலைவாணி, அஞ்சலாட்சியின் மகள் நிர்மலா. ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், இப்போது ஒரே காலேஜில் கடைசி வருஷம். இரண்டும் ஓடும். யார் வீட்டிலும் ஓட்டக்காரர்கள் இருந்ததில்லை. பலராமன் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனுஷன். ஆனாலும் இரண்டும் ஓடின. காலை ஐந்தரைக்குக் கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சிக்கு வருகிற பெரிய மனுஷர்களுக்கு நடுவில் இரண்டு ஒல்லிப் பெண்களும் ஜோடியாக ஓடுவார்கள். கலைவாணிக்கு ஒரே ஆசைதான், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சராக வேண்டும். "கழுத்துல விசில் மாட்டிக்கினு, வெயில்ல நின்னு, புள்ளைங்கள ஓட விடணும்மா" என்பாள். ஆசையைப் பார் ஆசையை என்று அன்னக்கிளி கேலி செய்வாள், உள்ளுக்குள் பூரித்துப் போவாள்.

ஊரிலும் ஊரைச் சுற்றியும் உள்ள ஏழு சின்னக் காலேஜ்கள் சேர்ந்து தங்களுக்குள் ஒரு போட்டி நடத்துகின்றன. பெரிய காலேஜ்கள் திரும்பிப் பார்க்காத போட்டி. பேப்பரில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஏழு காலேஜ் மேட்ச் என்றுதான் பிள்ளைகள் சொல்லும். டிசம்பரில் கபடி, கோகோ என்று ஆரம்பித்து பிப்ரவரியில் முடியும். அதற்குள் பெண்களுக்கு மூவாயிரம் மீட்டர் ஓட்டம் மூன்று தடவை நடக்கும், மாசத்துக்கு ஒன்று. ஏழரைச் சுற்று. மூன்றில் அதிகம் ஜெயித்தவள் அந்த வருஷத்துச் சாம்பியன். சாதாரணமாக ஒரு கப்பும் ஒரு சர்ட்டிபிகேட்டும்தான். கடைசி வருஷம் படிக்கிற பெண் சாம்பியன் ஆனால் மட்டும் இன்னொன்று உண்டு. உடற்பயிற்சி ஆசிரியர் படிப்புக்கு அவள் பெயர் போகும். ஏழு காலேஜுக்கும் சேர்த்து ஒரே சீட்டு, படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். இரண்டாவதாக வந்தவளுக்குக் கைதட்டல் கிடைக்கும், கைதட்டலை வைத்துக்கொண்டு எந்த ஹாஸ்டலில் சோறு போடுவார்கள்?

போன வருஷம்தான் எல்லாம் ஆரம்பித்தது. அஞ்சலாட்சியின் புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கொழுந்தன்மார் வாசலில் நின்று, பொம்பளைப் பிள்ளை அரைக்கால் டவுசரில் ஓடினது போதும், கட்டிக் கொடு என்று தினமும் பஞ்சாயத்து. ஒருநாள் ஏலம் முடிந்து, ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவில் டீ குடிக்கும்போது அஞ்சலாட்சி பேச்சை எடுத்தாள்.

"அன்னம், ஒன்னு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"இன்னாக்கா புதுசா? கேளு."

"இந்த வருஷம் நிம்மி கப்பு வாங்கிட்டான்னு வையி, அவனுங்க வாய அடச்சிடலாம். சாம்பியன கொண்டாந்து அடுப்படியில தள்ளுன்னு எவனும் சொல்ல முடியாதில்ல? நம்ம ரெண்டு பொண்ணுங்கள வுட்டா அந்த ஏழு காலேஜ்ல வேற ஆளே கெடையாதாம். வாணிய இந்த வருஷம் கொஞ்சம் பின்னாடி ஓடச் சொல்லேன்."

அன்னக்கிளி டம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் முழுக்க ஒன் பொண்ணுக்கு. சீட்டு குடுக்குறது அடுத்த வருஷம்தானே? எனக்கு இப்போ மானம், ஒனக்கு அப்போ சீட்டு. முறை வெச்சிக்கலாம் அன்னம். நம்ம முறை என்னிக்கினா தப்பியிருக்கா?"

தப்பியதில்லை. பதினான்கு வருஷத்தில் ஒரு நாள் தப்பியதில்லை. சுனாமி வதந்தி வந்த அன்றைக்குக்கூட, ஊரே மேட்டுக்கு ஓடும்போது "நாளைக்கு ஒம் முறைடி, ஞாபகம் வெச்சிக்க" என்று கத்திக்கொண்டே ஓடியவள் அஞ்சலாட்சி. அன்னக்கிளி யோசிக்கவே இல்லை. சரிக்கா என்றாள். நியாயமாகத்தான் பட்டது. மீனுக்கு வைக்கிற முறையை ஓட்டத்துக்கு வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தாள். கடற்கரையில் பிறந்தவள் எவளும் இப்படி நினைத்திருக்க மாட்டாள். வெளியிலிருந்து வந்து கற்றுக்கொண்டவளுக்குத்தான் எதிலும் பக்தி அதிகம்.

பலராமனிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவான் என்று தெரியும். மகளிடம் மட்டும் சொன்னாள். கலைவாணி தலையாட்டிவிட்டுப் போனாள். ஆனால் போன வருஷத்துக் கடைசி ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மா சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து குந்தினாள்.

"எம்மா, நா ஓடுனா ஜெயிச்சிடுவேன்மா."

"தெரியும் பாப்பா."

"நாளைக்கு ஒன்னு மட்டும் ஓடட்டா?"

"வார்த்த குடுத்துட்டேன்டி. குடுத்துட்டு மாத்துனா நாளைக்கு அந்தக்கா மூஞ்சிய எப்டிப் பாக்குறது?"

கலைவாணி எழுந்து போய்விட்டாள். மறுநாள் நிர்மலாவுக்குப் பின்னால் நாலு அடி இடைவெளி விட்டு, காலைப் பிடித்துப் பிடித்து ஓடினாள். ஓடி முடித்ததும் காலேஜ் உடற்கல்வி இயக்குநர் தேவதாஸ் சார் அவள் முகத்தையே பார்த்தாராம். "இன்னாம்மா, மூவாயிரம் ஓடியிருக்க, மூச்சே வாங்கல?" என்றாராம். நிர்மலா கப்பு வாங்கினாள். அஞ்சலாட்சி துறைமுகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். முதல் துண்டு அன்னக்கிளி வாயில்தான் ஊட்டினாள்.

இந்த வருஷம் கார்த்திகை மழை விட்டு மைதானம் காய்ந்ததும் முதல் ஓட்டத்துக்குத் தேதி சொன்னார்கள். அஞ்சலாட்சி மறுபடியும் டீக்கடையில் பேச்சை எடுத்தாள்.

"போன மாசம் வரிக்கும் சாம்பியன்னு சொன்ன பொண்ணு, மொத ஓட்டத்துலயே தோத்தா அசிங்கமா பூடும் அன்னம். கொழுந்தன் சிரிப்பான். மொத ஒன்னு மட்டும் நிம்மி எடுத்துக்கட்டும். மிச்சம் ரெண்டும் வாணிக்கு. ரெண்டு ஜெயிச்சா சாம்பியன்தானே?"

அதற்கும் தலையாட்டினாள் அன்னக்கிளி. கலைவாணி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. "இதுதான் கடைசி, சத்தியமா" என்று அம்மா அவள் தலையில் அடித்துச் சொன்ன பிறகுதான் தட்டைத் தொட்டாள்.

பொங்கல் கழிந்து இரண்டாவது ஓட்டம். இதில் நிர்மலா முறைப்படிதான் ஓடினாள், இல்லை என்று சொல்ல முடியாது. உப்பளம் மைதானத்தில் கடல் காற்று எதிர்த்து அடிக்கும். ஆறு சுற்றுக்கு மேல் முன்னால் ஓடி, காற்றையெல்லாம் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டாள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் ஓர் அடி வலது பக்கம் ஒதுங்கி வழி விட்டாள். கலைவாணி அம்பாகப் போனாள். ஓட்டம் முடிந்து இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆளுக்கு ஒன்று, சமம். பிப்ரவரியில் ஒன்றுதான் பாக்கி.

அந்தக் கடைசி ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், முல்லா வீதியில் ஜஹபர் நிஷா வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள் அன்னக்கிளி. நிஷாம்மாவின் புருஷன் அப்துல் மாலிக்குக்குக் கடைத்தெருவில் பயணப் பெட்டிக் கடை. சூட்கேஸ், பள்ளிக்கூடப் பை, எல்லாம் விற்பார். நிஷாம்மா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் அன்னக்கிளி, ஒன் கூட்டாளி மக ஹாஸ்டலுக்குப் போவுதாமே?"

"யாரு, நிம்மியா? இல்லியே நிஷாம்மா."

"அஞ்சலாட்சி எங்க கடையில வந்து சக்கரம் வெச்ச பொட்டி ஒன்னு வாங்கிட்டுப் போனாளாம். பொண்ணு வெளியூர் படிக்கப் போவுதுன்னு சொல்லி வெல கொறைக்கச் சொன்னாளாம். அவுங்க வந்து சொன்னாங்க."

அன்னக்கிளிக்குக் கண் கலங்கிவிட்டது. நிஷாம்மா பயந்துபோனார்.

"இன்னாடி ஆச்சு?"

"அது எம் பொண்ணுக்கு நிஷாம்மா! வாணிக்கு சீட்டு கெடைக்கப் போவுதுல்ல, அதுக்குத்தான் வாங்கி வெச்சிருக்கும் அந்தக்கா. வாய் தொறந்து சொல்லல பாருங்க, எம்மாம் மனசு!"

நிஷாம்மா வஞ்சிரத்தைக் கீழே வைத்தார். "அப்டின்னா சரி. ஆண்டவன் நல்லது செய்வான்" என்று சொல்லி, துண்டு போடச் சொன்னார். அன்னக்கிளி அன்றைக்கு வாலையும் தலையையும் சும்மாவே கொடுத்துவிட்டு வந்தாள். அடி பாவி மனுஷி, உனக்கு யார் சொல்லிப் புரிய வைப்பது.

போட்டி அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஓட்டம். அன்னக்கிளி சீக்கிரமே விற்று முடித்து, வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து, பொங்கல் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வருஷமும் மைதானத்துக்கு வந்து பார்த்ததில்லை. மீன் வாடை போயிருக்குமோ போகாதோ என்று படிக்கட்டில் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். அஞ்சலாட்சி ஏற்கெனவே வந்திருந்தாள். மசால்வடைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

"துன்னு அன்னம். காலைலேர்ந்து ஒன்னும் துன்னிருக்க மாட்ட."

"எறங்காதுக்கா. ஓட்டம் முடியட்டும்."

"நீயா ஓடப்போற?" என்று சிரித்து, இவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். கலைவாணி அம்மாவைத் தேடிப் பார்த்துக் கையை ஆட்டினாள். நிர்மலா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. விசில் ஊதினதும் கிளம்பினார்கள். இரண்டு சுற்றில் மற்ற பெண்கள் பின்தங்கிவிட்டார்கள். நிர்மலா முன்னால், கலைவாணி அவள் முதுகை ஒட்டிப் பின்னால். மூன்று, நாலு, ஐந்து. போன தடவையும் இப்படித்தானாம், மகள் வீட்டில் உட்கார்ந்து சோற்றுத் தட்டில் விரலால் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாள். அன்னக்கிளி அஞ்சலாட்சி காதில், "புள்ளைக்குக் காத்து பூரா மூஞ்சியில அடிக்குதுக்கா, பாவம்" என்றாள். அஞ்சலாட்சி பிடித்திருந்த கையை விட்டுவிட்டுப் புடவையைச் சரிசெய்தாள்.

மணி அடித்தார்கள்.

கலைவாணி வேகத்தைக் கூட்டி உள்பக்கமாக வந்தாள். வழி இல்லை. நிர்மலா ஒதுங்கவில்லை. இன்னும் ஒதுங்குவாள் என்று கலைவாணி காலைத் தளர்த்திக் காத்திருந்தாள். நாலு அடி, ஐந்து அடி. அந்த நேரத்தில்தான் நிர்மலா பிய்த்துக்கொண்டு ஓடினாள். காற்றுக்கு நெஞ்சு கொடுத்து ஆறு சுற்று ஓடினவளுக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம். "நிம்மி!" என்று கலைவாணி கத்தினது படிக்கட்டு வரைக்கும் கேட்டது. கத்தினதில் போன மூச்சு போனதுதான். பதினைந்து அடி இடைவெளி விழுந்துவிட்டது. விட்டாளா? விடவில்லை. அந்தக் கடைசி வளைவில் என் கண்ணே, என் தங்கமே, அப்படி ஓடினாள் அன்னக்கிளி பெற்ற பெண். பதினைந்து அடி பத்தாகி, ஐந்தாகி, இரண்டு பேரும் ஒன்றாக வந்து விழுகிற மாதிரி இருந்தது. நிர்மலாவின் தோள் முன்னால் போய்விட்டது. ஒரு கை அகலம்.

அன்னக்கிளி திரும்பிப் பார்த்தாள். அஞ்சலாட்சி இல்லை. கீழே இறங்கி மகளிடம் ஓடிக்கொண்டிருந்தாள். மணி அடிப்பதற்கு முன்னாலேயே இவள் கையை விட்டது அப்போதுதான் உறைத்தது. சக்கரம் வைத்த பெட்டி யாருக்கு என்பதும் கூடவே உறைத்தது. உடம்பெல்லாம் கூசியது, நடுத்தெருவில் யாரோ புடவையை உருவிவிட்ட மாதிரி.

கீழே போனாள். தண்ணீர்க் குழாயடியில் அஞ்சலாட்சியை மறித்தாள்.

"இன்னாக்கா இது?"

"நா இன்னா பண்றது அன்னம்? புள்ளைக்குக் கால் நிக்கலையாம். ஓட்டம்னா அப்டித்தானே?"

"கையை ஏன் வுட்ட?"

அஞ்சலாட்சி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"மணி அடிக்கறதுக்கு முன்னாடி எங் கையை ஏன் வுட்ட? சொல்லு. ஒனக்குத் தெரியும்!"

"தெரியும்டி!" என்று திரும்பினாள் அஞ்சலாட்சி. "தெரியும், இன்னா இப்போ? எனக்கு இருக்கறது ஒருத்தி. அவங்கப்பன் இல்ல. சீட்டு இல்லாம வூட்டுக்குப் போனா சித்திரையில தாலி ஏறிடும். ஒனக்கு ஆம்பள இருக்கான், மாசமானா சம்பளம் கொண்டாறான். ஒன் பொண்ணு எப்டினாலும் பொழச்சிக்கும். எம் பொண்ணுக்கு வேற வழி இல்ல."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா வுட்டிருப்பியா?"

அன்னக்கிளி விட்டிருக்கவும் விட்டிருப்பாள், அதுதான் கொடுமை. கேட்டிருந்தால் கொடுத்துத் தொலைத்திருப்பாள். கேட்காமல், ஒரு வருஷமாகக் கூடவே டீ குடித்து, மடியில் கையை வைத்துக்கொண்டு எடுத்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நிர்மலா தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தாள். "சித்தி" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அன்னக்கிளி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நேராகத் தேவதாஸ் சாரிடம் போனாள். அவர் சர்ட்டிபிகேட்டுகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் கொட்டினாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு ஓடுறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? போன வருஷமே வாணியக் கூப்புட்டுக் கேட்டேன். காலு வலின்னு சொல்லிட்டா. இப்போ நீங்க எழுதிக் குடுங்க, நா மேல அனுப்புறேன். மொத கேள்வி இன்னா கேப்பாங்க தெரியுமா? ஒம் பொண்ணு ஏன் வேணும்னே தோத்தான்னு. ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்க. ரெண்டாவது எடத்து சர்ட்டிபிகேட்டும் போயிடும்."

"அப்போ எம் பொண்ணுக்கு?"

"ஒதுங்கி வுடுறது நியாயமா, ஓடுறது நியாயமான்னு கேட்டா, இன்னிக்கு நிர்மலா ஓடுனதுதாம்மா நியாயம். அந்தப் பொண்ணு இன்னிக்கு ஒன்னுதான் ஒயுங்கா ஓடியிருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒங்க பொண்ணும் இன்னிக்குத்தான் ஓடுச்சு. கடைசி வளைவுல" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியில் கலைவாணி பஸ்ஸில் இரண்டு சீட்டு முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். பலராமன் ஐஸ் கம்பெனியிலிருந்து வந்து, விறைத்த விரல்களை அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தான். மகள் உள்ளே போய்ப் படுத்ததையும் பெண்டாட்டியின் பொங்கல் புடவையையும் பார்த்தான்.

"இன்னா ஆச்சு? தோத்துட்டாளா?"

அன்னக்கிளி எல்லாவற்றையும் சொன்னாள். போன வருஷத்திலிருந்து சொன்னாள். அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"ரெண்டு வருஷமா நா ஐஸ் கம்பெனில எல்லார்கிட்டயும் சொல்றேன், எம் பொண்ணு ரெண்டாவது வருவா, நல்லாத்தான் ஓடுவா, அந்த நிர்மலா கொஞ்சம் வேகம் ஜாஸ்தின்னு" என்றான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல இல்ல? யாரக் கேட்டு அன்னம் எம் பொண்ண வுட்டுக் குடுத்த?"

"முறை வெச்சேங்க. திரும்பி வரும்னு நெனச்சேன்."

உள்ளேயிருந்து கலைவாணி குரல் வந்தது. "ஒனக்கு ஏலத்துல வுட்டுப் போனா மறுநாள் வேற போட்டு வரும்மா. எனக்கு எது வரும்?"

அன்றைக்கு ராத்திரி சோறு பொங்கினது பொங்கினபடி இருந்தது.

மறுநாள் விடியலில் பனி மூட்டமாக இருந்தது. அன்னக்கிளி வழக்கம்போலத் துறைமுகத்துக்குப் போனாள். பிழைப்பு இருக்கிறதே, வேறெங்கே போவது? நேற்று இவள் முறை, இன்றைக்கு அஞ்சலாட்சி முறை. அஞ்சலாட்சி வந்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி இவள் பக்கத்திலேயே வந்து நின்றாள். சுற்றி இருந்த பெண்கள் கப்பு வாங்கின விஷயம் கேட்டு அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். ஏலக்காரர் நெடுமாறன் வஞ்சிரப் பெட்டியைக் காலால் முன்னால் தள்ளினார். பெரிய மீன்கள், கண் தெளிவாக இருந்தது.

"இன்னிக்கு யாரு முறை? சாம்பியன் அம்மாவா?" என்று நெடுமாறன் சிரித்தார். "சொல்லு."

அஞ்சலாட்சி ஒரு விலை சொன்னாள். வழக்கமான விலை.

"அதுக்கு மேல" என்றாள் அன்னக்கிளி.

யாருக்கும் முதலில் புரியவில்லை. அஞ்சலாட்சி சிரித்தபடி, "ஏ, எம் முறைடி இன்னிக்கு. தூக்கத்துல இருக்கியா?" என்றாள். நெடுமாறன் இரண்டு பேரையும் பார்த்தார். அஞ்சலாட்சி கொஞ்சம் ஏற்றினாள். அன்னக்கிளி அதற்கும் மேல் போனாள். மறுபடி அவள், மறுபடி இவள். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்த விலைக்கு எடுத்து விற்றால் கைநஷ்டம்தான் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும், அன்னக்கிளிக்கும் தெரியும். நிறுத்தவில்லை. கடைசியில் அஞ்சலாட்சி வாயை மூடினாள். பெட்டி அன்னக்கிளிக்கு.

"முறை தப்பிட்டா!" என்று முதலில் கத்தினவள் கொளஞ்சி, அடுத்த ஜோடிக்காரி. "ஏண்டி அன்னக்கிளி, இது அடுக்குமா? ஒன்ன ஆளாக்கி வுட்டவளுக்கே செய்றியே!"

"அவ இன்னா பண்ணா தெரியுமா எனக்கு? எம் பொண்ணு ரெண்டு வருஷமா..."

"அது புள்ளைங்க ஓட்டப் பந்தயம்டி. தோக்கும், ஜெயிக்கும். இது சோத்து விவகாரம். அதையும் இதையும் ஒன்னாக்குவியா?"

"அவதான் ஒன்னாக்குனா!" என்று கத்தினாள் அன்னக்கிளி. "முறைன்னு அவதான் சொன்னா!"

யாரும் காதில் வாங்கவில்லை. அஞ்சலாட்சி தரையில் உட்கார்ந்து அழுதாள். பொய் அழுகை இல்லை. "பதினாலு வருஷம், பதினாலு வருஷத்துல ஒரு நா தப்புனேனா இவளுக்கு?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு நிஜமாகவே வலித்தது, அதைப் பார்க்கத்தான் அன்னக்கிளிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்று மைதானத்தில் தனக்கு நடந்ததுதான் துரோகம் என்று நினைத்திருந்தாள். இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் தானே துரோகி ஆகி நின்றாள். மீனைக் கூடையில் அடுக்கி, தலைக்கு ஏற்றிவிடக் கை கேட்டாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கூடையைத் தொடையில் வைத்து, தோளில் ஏற்றி, தானே தலைக்குத் தூக்கினாள். கழுத்தில் ஏதோ பிடித்துக்கொண்டது. அப்படியே நடந்தாள்.

பத்து மணி வெயிலில் நெல்லித்தோப்புக்கு வந்தபோது பாதி மீன் விற்காமல் இருந்தது. கலைவாணி காலேஜுக்குப் போகவில்லை. பின்பக்கம் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அன்னக்கிளி கூடையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றாள். மகளிடம் சொல்ல வேண்டும் என்றே அவ்வளவு தூரம் வேகமாக நடந்து வந்திருந்தாள்.

"வாணி, இன்னிக்கு அவ முறை. நா வுடல. அத்தினி பேர் முன்னாடி மேல மேல கேட்டு பெட்டிய எடுத்துட்டேன். மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியாம ஒக்காந்து அழுவுறா. துறைமுகமே எனக்கு எதிரா நின்னுச்சு. போங்கடின்னு வந்துட்டேன். ஒனக்காகத்தான்டி முறைய தப்புனேன்."

கலைவாணி கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். சுருக்கத்தை நீவிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இத போன வருஷமே தப்பியிருக்கலாமேம்மா."